ஏமாற்றிய டிராஃப்டை எப்படிப் படிப்பது

1963 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், எட்டு அணிகளின் உரிமையாளர்கள் கூடினார்கள். எட்டும் தாளில் மட்டுமே இருந்த அணிகள். ஓக்லாந்து ரைடர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக், முந்தைய ஆண்டு நியூயார்க் ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்தபோது சிலரோடு சேர்ந்து வகுத்த விளையாட்டு அது. நிஜமான அமெரிக்கக் கால்பந்து வீரர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, மைதானத்தில் அவர்கள் சாதிப்பதைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார்கள். இன்று கோடிக்கணக்கானோர் ஆடும் ஃபேன்டசி ஃபுட்பாலின் முதல் டிராஃப்ட், அதாவது வீரர்களை முறைவைத்துப் பங்கிடும் நிகழ்வு, அதுதான்.

அங்கே முதலாவதாக எடுக்கப்பட்ட வீரர் ஜார்ஜ் பிளாண்டா. ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்; பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கரும் அவரே. 1961-இல் 36 டச் டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுத்துத் தருபவை) வீசியவர். 1962-இல் 42 பாஸ்களை எதிரணியிடம் பறிகொடுத்தவரும் (இதுதான் இன்டர்செப்ஷன்) அவர்தான். 1963 சீசன் முடிந்தபோது பிளாண்டாவின் கணக்கில் 24 டச் டவுன் பாஸ்களும் 25 இன்டர்செப்ஷன்களும் இருந்தன. அதே சீசனில் கிளீவ்லாந்தின் ஜிம் பிரவுன் 14 ஆட்டங்களில் 1,863 யார்டு ஓடினார். முதல் டிராஃப்டின் முதல் தேர்விலேயே பின்னாளில் வருந்தும்படி ஆகிவிட்டது.

அது தவறான தேர்வுதான் என்று உடனே தீர்ப்புச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாஸும் வீசி, பந்தையும் உதைக்கும் ஒருவர் இரண்டு வழிகளில் ஸ்கோர் கொண்டுவருவார் என்று நினைத்ததில் நியாயம் இருக்கிறது. அதே நேரம், 42 இன்டர்செப்ஷன் என்ற எண் அன்றைக்கே எல்லார் கண் முன்னும் இருந்தது. தேர்வுக்கு ஆதரவான சான்று, எதிரான சான்று இரண்டும் அந்த அறையில் இருந்தன. எதற்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். ஏமாற்றிய டிராஃப்ட் எதுவானாலும் அதை இந்த இடத்திலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். பெரும்பாலோர் டிசம்பரில் வந்த புள்ளிப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். 2024 சீசன் முடிந்ததும் நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

விளையாட்டை ஆடாதவர்களுக்காகச் சில வரிகள். எங்கள் லீக்கில் 12 அணிகள், 15 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். பாம்பு வளைந்து திரும்புவது போலிருப்பதால் இதை ஸ்னேக் டிராஃப்ட் என்பார்கள். வாரந்தோறும் ஒரு குவாட்டர்பேக், பந்தோடு ஓடும் இரண்டு ரன்னிங் பேக், பாஸ் பிடிக்கும் இரண்டு வைட் ரிசீவர், எதிரணியைத் தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யும் ஒரு டைட் எண்ட், இந்த மூன்று வகையில் எவராகவும் இருக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் ஒருவர், ஒரு கிக்கர், ஓர் அணியின் டிஃபென்ஸ் (தடுப்பாட்டக்காரர்கள் மொத்தமாக) ஆகியோரைக் களத்தில் இறக்க வேண்டும். 10 யார்டு ஓடினாலோ பிடித்து முன்னேறினாலோ ஒரு புள்ளி, பிடித்த ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு புள்ளி, ஓடியோ பிடித்தோ எடுக்கும் டச் டவுனுக்கு 6, வீசும் டச் டவுனுக்கு 4. எனக்கு முதல் இடம் கிடைத்தது. அதாவது 1-ஆவது தேர்வு என்னுடையது. அடுத்து 24, 25. பிறகு 48, 49. இப்படியே 168, 169 வரை.

ஆகஸ்ட் 31 இரவு நான் எடுத்த முதல் நால்வர்: 1-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, 24-இல் டெட்ராய்ட்டின் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா, 25-இல் கான்சாஸ் சிட்டியின் ரன்னிங் பேக் ஐசையா பச்சேகோ, 48-இல் அதே அணியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். அன்றிரவு பட்டியலைப் பார்த்து மனநிறைவோடு தூங்கினேன். மெக்காஃப்ரி அந்த சீசனில் நான்கு ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். பச்சேகோ இரண்டாவது வாரமே காலெலும்பு முறிந்து வெளியேறி, நவம்பர் கடைசியில்தான் திரும்பினார். லபோர்ட்டா முந்தைய ஆண்டு பிடித்த 86 பாஸ்களிலிருந்து 60-க்கு இறங்கினார். மஹோம்ஸ் 26 டச் டவுன் பாஸோடு நின்றுவிட்டார். நான்கு பெயர்களும் நான்கு விதமாகச் சரிந்தன. அந்த நான்கு விதங்களையும் ஒரே சொல்லில், ‘மோசமான டிராஃப்ட்’ என்று அடைத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு எதுவும் மிஞ்சாது.

முடிவு தெரிந்த பிறகு ஒன்றை மதிப்பிடுவது மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பதை உளவியலாளர்கள் நெடுநாளாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1975-இல் பாரூக் ஃபிஷாஃப் வெளியிட்ட ஆய்வில், 1814-இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். போரின் முடிவு என்று ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு செய்தி சொல்லப்பட்டது. எந்த முடிவைக் கேட்டார்களோ, அதுவே முன்பும் அதிகம் எதிர்பார்க்கத் தக்கதாக இருந்தது என்று அந்தந்தக் குழுவினர் கருதினார்கள். 1988-இல் ஜோனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஒரே முடிவை ஒரே காரணங்களுக்காக எடுத்த இருவரில், விளைவு நன்றாக அமைந்தவரையே மக்கள் நல்ல சிந்தனையாளர் என்று மதிக்கிறார்கள். ஃபேன்டசி ஆட்டக்காரர்கள் டிசம்பரில் செய்வதும் அதேதான். மெக்காஃப்ரியை எடுத்தவருக்கு மூளையில்லை, அந்த சீசனில் உச்சத்தில் ஆடிய ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தவருக்குத் தீர்க்கதரிசனம் என்று ஆகிவிடுகிறது.

இதிலிருந்து தப்ப நான் கண்ட ஒரே வழி, ஒவ்வொரு தேர்வுக்கும் எதிரே மூன்று பத்திகள் கொண்ட தாள். முதல் பத்தி, அன்றிரவு எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது, அன்றிரவு தேடியிருந்தால் தெரிந்திருக்கக்கூடியது. மூன்றாவது, அன்றிரவு யாருக்கும் தெரிந்திருக்க முடியாதது. திறமை கூடுவதென்றால் இரண்டாவது பத்தியிலிருந்துதான் கூடும். மூன்றாவது பத்தியில் விழுந்தவற்றுக்காக ஒருவர் தன்னை நொந்துகொள்வது வீண். அவற்றிலிருந்து பாடம் கற்க முயல்வது அதைவிட ஆபத்து.

பச்சேகோவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நேர்ந்தது முழுக்க மூன்றாவது பத்தி. அவர் விழுந்த பிறகு அந்த அணி கரீம் ஹன்ட்டை ஒப்பந்தம் செய்தது. சீசன் முடிவில் 728 யார்டு ஓடி அணியில் முதலிடம் பிடித்தவர் அவர்தான். டிராஃப்ட் நாளன்று ஹன்ட் எந்த அணியிலும் இல்லை! எந்தப் பட்டியலைப் புரட்டியிருந்தாலும் இந்தப் பதில் கிடைத்திருக்காது. ‘இனி மூன்றாம் சுற்றில் ரன்னிங் பேக் எடுக்கவே மாட்டேன்’ என்று இதிலிருந்து ஒருவர் விதி வகுத்தால், அது காயத்தைப் பார்த்து வகுத்த விதி. விளையாட்டைப் பார்த்து வகுத்ததல்ல.

மெக்காஃப்ரி அப்படியல்ல. இங்கேதான் நான் அதிக நேரம் செலவிட்டேன், செலவிட்டதற்குப் பலனும் இருந்தது. 2023-இல் அவர் 272 முறை பந்தோடு ஓடியிருந்தார், 67 பாஸ்களைப் பிடித்திருந்தார். வழக்கமான சீசனில் மட்டும் 339 முறை பந்து அவர் கைக்கு வந்திருக்கிறது. 2,023 யார்டு, 21 டச் டவுன் என்று அந்த ஆண்டின் மிகச் சிறந்த ரன்னிங் பேக் அவர். ஆனால் 2020-இல் அவர் ஆடியது 3 ஆட்டங்கள், 2021-இல் 7. 2024 ஆகஸ்டில் கெண்டைக்கால் வலியால் பயிற்சி முகாமின் பெரும்பகுதியைத் தவறவிட்டார். முதல் வாரத்துக்குள் சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம்.

அப்படியானால் அவரை முதலாவதாக எடுத்தது தவறா? என் தீர்ப்பு, தவறில்லை என்பதே. அந்த இடத்துக்குப் போட்டியிட்ட மற்றவர்களையும் பார்க்க வேண்டும். டைரீக் ஹில் முந்தைய ஆண்டின் 1,799 யார்டிலிருந்து 959-க்கு இறங்கினார். சீடீ லாம்ப் ஆகஸ்ட் கடைசி வரை ஒப்பந்தத் தகராறில் முகாமுக்கே வரவில்லை. 127 பாஸ், 1,708 யார்டு, 17 டச் டவுன் என்று மூன்றிலும் முதலிடம் பிடித்த ஜமார் சேஸும் அந்த ஆகஸ்டில் ஒப்பந்தப் பிரச்சினையோடுதான் இருந்தார். குறையில்லாத பெயர் என்று ஒன்று அந்தப் பட்டியலின் உச்சியில் எளிதில் கிடைக்கவில்லை.

தவறு வேறெங்கோ இருந்தது. தாளை நிரப்பிக்கொண்டு போனபோது 144-ஆவது வரியில் அது தென்பட்டது. அந்த இடத்தில் நான் ஒரு டிஃபென்ஸை எடுத்திருக்கிறேன். 145-இல் மஹோம்ஸுக்கு மாற்றாக இரண்டாவது குவாட்டர்பேக். அப்போது சான் ஃபிரான்சிஸ்கோவின் இன்னொரு ரன்னிங் பேக் ஜோர்டன் மேசன் இன்னும் யார் கையிலும் இல்லை. மெக்காஃப்ரிக்கு அடுத்த இடத்தில் இருந்த எலைஜா மிட்செல் காயமடைந்து, அந்த ஆகஸ்ட் கடைசியிலேயே சீசன் முழுதும் ஆடமாட்டார் என்று தெரிந்துவிட்டது. ஆகவே மெக்காஃப்ரி ஆடாவிட்டால் பந்து மேசனுக்குப் போகும் என்பதில் குழப்பமே இல்லை. பெரிய ரன்னிங் பேக்கை எடுத்தவர், அவர் விழுந்தால் அந்த இடத்துக்கு வருபவரையும் சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்வதை ஹேண்ட்கஃப் என்பார்கள். செப்டம்பர் 9 திங்கள் இரவு மெக்காஃப்ரி ஆடவில்லை என்ற அறிவிப்பு வந்தது. மேசன் 28 முறை ஓடி 147 யார்டும் ஒரு டச் டவுனும் எடுத்தார். அவர் எங்கள் லீக்கில் கடைசிச் சுற்றில் வேறொருவர் அணிக்குப் போயிருந்தார். காயம்பட்டு ஒதுங்கும் முன் 12 ஆட்டங்களில் 789 யார்டு.

ஆக, என் முதல் தேர்வின் ஆபத்து எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்த ஆபத்துக்குக் காப்பு தேடவேண்டிய கடமை 144-இல் வந்தது. அதை நான் கவனிக்கவில்லை. ஒரு டிராஃப்டில் தேர்வுகள் தனித்தனியாக நிற்பதில்லை. முதல் சுற்றில் துணிந்தவர் கடைசிச் சுற்றுகளில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பொதுவாகக் கடைசிச் சுற்றுகளை யாரும் அலசுவதில்லை, தலைப்புச் செய்தியான முதல் மூன்று பெயர்களோடு அலசல் முடிந்துவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

லபோர்ட்டா, மஹோம்ஸ் இருவரும் விலையைப் பற்றிய கதை. லபோர்ட்டா 2023-இல் அறிமுக ஆண்டிலேயே 889 யார்டும் 10 டச் டவுனும் எடுத்தவர். நான் 24-ஆவது தேர்வைக் கொடுத்தது அந்தப் பத்துக்காகத்தான். ஒரு வீரரின் எண்களில் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் ஏறி இறங்குவது டச் டவுன். அவரை நோக்கி எத்தனை பாஸ் வீசப்படுகிறது என்பது அவ்வளவு மாறுவதில்லை. டெட்ராய்ட்டில் பந்தைப் பங்கிட்டுக்கொள்ள அமோன்-ரா செயின்ட் பிரவுன், ஜமீர் கிப்ஸ் ஏற்கெனவே இருந்தார்கள்; ஜேமிசன் வில்லியம்ஸ் வளர்ந்துகொண்டிருந்தார், 2024-இல் 1,001 யார்டும் எடுத்துவிட்டார். லபோர்ட்டா 726 யார்டு, 7 டச் டவுன். எங்கள் கணக்கில் ஏறத்தாழ 174 புள்ளி. பல சுற்றுகள் கழித்துப் போன லாஸ் வேகஸின் பிராக் பவர்ஸ் 112 பாஸ், 1,194 யார்டு, 5 டச் டவுன் எடுத்து 260-ஐத் தாண்டினார். அறிமுக ஆட்டக்காரர் எவரும் அதுவரை 112 பாஸ் பிடித்ததில்லை. பவர்ஸை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அது மூன்றாவது பத்தி. லபோர்ட்டாவுக்கு இரண்டாம் சுற்று விலை கொடுக்கும் முன் அந்தப் பத்து டச் டவுனைச் சந்தேகித்திருக்க வேண்டும், அது இரண்டாவது.

மஹோம்ஸ் விஷயத்தில் இன்னும் தெளிவு. 12 அணி லீக்கில் வாரத்துக்கு 12 குவாட்டர்பேக் போதும். நிஜமான அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல் 32 அணிகள். ரன்னிங் பேக்கோ 24 பேர் கட்டாயம் வேண்டும், ஃப்ளெக்ஸையும் சேர்த்தால் அதற்கும் மேல். ஒருவரின் மதிப்பு அவர் எடுக்கும் மொத்தப் புள்ளியில் இல்லை. அவருக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கக்கூடியவரைவிட எவ்வளவு அதிகம் எடுப்பார் என்பதில்தான் இருக்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள் குவாட்டர்பேக்குக்குக் காத்திருப்பார்கள். 2018-இல் 50 டச் டவுன் வீசிய இதே மஹோம்ஸும், 2019-இல் 36 டச் டவுன் வீசி 1,206 யார்டு ஓடிய லமார் ஜாக்சனும் காத்திருந்தவர்களுக்கே மலிவாகக் கிடைத்தார்கள். 2023-இல் மஹோம்ஸ் வீசிய டச் டவுன் 27. தம்பா பேயின் பேக்கர் மேஃபீல்டு அதே ஆண்டு வீசியது 28. இந்த எண் எனக்கு ஆகஸ்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தேன். 2024-இல் மேஃபீல்டு 41 வீசினார். டச் டவுன் பாஸ் வித்தியாசத்தில் மட்டும் 60 புள்ளி. டிராஃப்டின் கடைசிக் கட்டம் வரை அவர் யாருக்கும் வேண்டாதவராகக் கிடந்தார்.

என் இடத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வரிசையின் நுனியில் இருப்பவர் அடுத்தடுத்து இருவரை எடுத்துவிட்டு, 22 பேர் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். 25-க்கும் 48-க்கும் நடுவே ரிசீவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் எடுத்ததைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். நடு இடத்தில் இருப்பவர் அந்த ஓட்டத்தில் பாதியிலாவது நுழைந்துவிடலாம். நுனியில் இருப்பவருக்கு அது தொடங்கும் முன்பே எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் முழுவதும் முடிந்த பிறகுதான் முறை வரும். 49-இல் நான் எடுத்த ரிசீவர் அந்த அலை ஒதுக்கிவிட்டுப் போனவர். நுனி இடத்தில் ஆடுபவர், சராசரியாக யார் எந்த இடத்தில் எடுக்கப்படுகிறார் என்ற ஏ.டி.பி. பட்டியலை அப்படியே பின்பற்றினால் இதுதான் நடக்கும். அவர் ஏழெட்டு இடம் முந்தி எடுப்பது அவசரமாகாது. அந்த இடத்தின் கணிதம் அப்படி. டிராஃப்ட் முடிந்த மறுநிமிடமே இணையதளங்கள் கொடுக்கும் மதிப்பெண் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தங்கள் கணிப்புப் பட்டியலோடு நீங்கள் எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்பதையே பெரும்பாலும் அது அளக்கிறது. எனக்கு அன்றிரவு நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது.

தன்னம்பிக்கைக்கு எல்லை எங்கே என்று காட்டும் ஓர் ஆய்வும் உண்டு. கேட் மாஸி, ரிச்சர்டு தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் நிஜமான என்.எஃப்.எல். டிராஃப்டை ஆராய்ந்தார்கள். கோடிகளைச் செலவழிக்கும் அணிகள், முழுநேரத் தேர்வாளர்களை வைத்துக்கொண்டு எடுக்கும் வீரர், அதே இடத்துக்கு அடுத்ததாக எடுக்கப்பட்ட வீரரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு ஏறத்தாழ 52 சதவீதம்தான் என்று கண்டார்கள். நாணயம் சுண்டுவதைவிட ஒரு சிறிது மேல். நம் போன்றோரின் கணிப்பு அதைவிடக் கூர்மையாக இருக்கும் என்று நம்புவதற்குக் காரணமில்லை. ஆகையால் ஒரு பெயரைத் துல்லியமாகக் குறிவைப்பதைவிட, ஏறத்தாழச் சமமானவர்களை ஓர் அடுக்காகப் பார்த்து, அந்த அடுக்கு தீரும் முன் ஒருவரை எடுப்பது பயனுள்ளது.

டிராஃப்டோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2023-இல் 105 பாஸ், 1,486 யார்டு என்று அறிமுக ஆண்டுச் சாதனைகளை முறியடித்த பூகா நகுவாவை என்.எஃப்.எல். 177-ஆவது இடத்தில்தான் எடுத்தது. பெரும்பாலான ஃபேன்டசி லீக்குகளில் அவரை யாரும் எடுக்கவே இல்லை. 12 ஆட்டங்களில் 1,144 யார்டு ஓடிய அவருடைய அணித்தோழர் கைரன் வில்லியம்ஸும் அப்படியே. இருவரும் சீசன் தொடங்கிய பின், யார் அணியிலும் இல்லாதவர்களின் பட்டியலான வேவர் பட்டியலிலிருந்து கிடைத்தார்கள். தன் டிராஃப்டை நினைத்து வருந்திக்கொண்டிருந்தவர் அந்த வாரத்தைத் தவறவிட்டார்; ஏமாற்றம் முடிந்துபோன இரவோடு நிற்பதில்லை, வரும் வாரங்களையும் தின்கிறது. நான் 2024 செப்டம்பரில் மூன்று வாரங்களை அப்படி இழந்தேன். மெக்காஃப்ரி அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று காத்திருந்தேன்; அவர் நவம்பர் 10-ஆம் தேதி வந்தார், டிசம்பர் 1 இரவு பஃபலோவின் பனியில் முழங்காலில் அடிபட்டு மீண்டும் வெளியேறினார்.

அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி என்னை உறுத்துகிறது. 72, 73 இரண்டிலும் ரன்னிங் பேக் எடுத்திருக்கிறேன். எதிரே மூன்று பத்திகளையும் நிரப்ப உட்கார்ந்தபோது முதல் பத்திக்கே எழுத ஒன்றும் இல்லை. அவர்களை ஏன் எடுத்தேன் என்பது எனக்கு நினைவில்லை. கெட்ட காரணத்துக்காக எடுத்திருந்தால் அதைத் திருத்தலாம். காரணமே இல்லாததை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. அதனால் அடுத்த டிராஃப்டுக்கு 15 வரிகள் கொண்ட ஒரு தாளை முன்கூட்டியே கோடு போட்டு வைத்தேன். ஒவ்வொரு தேர்வையும் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தும் முன், கடிகாரத்தில் நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ‘இவர் ஏன்’ என்பதற்கு ஒரு வரி. ‘இவர் விழுந்தால் யார்’ என்பதற்கு இன்னொன்று.